அம்பாசிடர் 1489 சிசி எஞ்சின்: முன்பக்க கிராங்க் ஆயில் சீல் கசிவை அறிகுறி பார்த்துச் சரிசெய்வது

இந்த வழிமுறை 1489 சிசி பெட்ரோல் எஞ்சின் உள்ள அம்பாசிடருக்கானது. அந்த எஞ்சின் பிஎம்சி பி சீரிஸ் குடும்பத்தைச் சேர்ந்தது. அதே குடும்பத்து டீசல் எஞ்சினுக்கும் பெரும்பகுதி பொருந்தும். 1990களில் வந்த 1800 சிசி இசுசு எஞ்சினுக்குப் பொருந்தாது.

வேலூர், ராணிப்பேட்டை, குடியாத்தம் பக்கம் இன்னும் ஓடும் அம்பாசிடர்களில் முன்பக்கம் ஆயில் சொட்டினால், "சீல் போச்சு, மாத்திடலாம்" என்று உடனே புல்லியில் கை வைத்துவிடுகிறார்கள். கிராங்க் தண்டின் முன்முனையில் இருக்கும் புல்லியின் ஹப்பை (நடுக்குழலை) உதடுபோலக் கவ்வி, ஆயில் வெளியே வராமல் தடுக்கும் ரப்பர் வளையம்தான் இந்த சீல். அதன் விலை சொற்பம்தான். ஆனால் அதைத் தொடுவதற்கு ரேடியேட்டர், பெல்ட், புல்லி, பெரும்பாலும் டைமிங் செயினை மூடியிருக்கும் டைமிங் கவரும் இறங்க வேண்டும். சீலைக் கெடுத்த காரணத்தை விட்டுவிட்டு ரப்பரை மட்டும் மாற்றினால், அடுத்த அக்னி நட்சத்திரத்துக்குள் அதே வேலையைத் திரும்பச் செய்ய நேரும். அதனால் எங்கிருந்து, எப்போது, எந்த வடிவத்தில் ஆயில் வருகிறது என்பதை முதலில் பாருங்கள்.

அறிகுறி: நிறுத்தி வைத்த இடத்தில் முன்பக்கம் சொட்டு

இதை மட்டும் வைத்து சீல் மேல் பழி போடக்கூடாது. இந்த எஞ்சினின் முன்பக்கம் ஆயில் வரக்கூடிய இடங்கள் பல. ராக்கர் கவர் பேக்கிங் கசிந்தால் ஆயில் முன் தகட்டின் வழியாக வழிந்து டைமிங் கவரின் அடியில் சேரும். மேனிஃபோல்டுக்குக் கீழே இருக்கும் டாப்பெட் பக்கக் கவர்களை நடுவில் ஒரே போல்ட்தான் பிடித்திருக்கிறது. அதை அளவுக்கு மீறி இறுக்கியிருந்தால் தகடு குழிந்து ஓரம் தூக்கிக்கொள்ளும், அங்கிருந்தும் ஒழுகும். டைமிங் கவரின் பேக்கிங், அதற்குப் பின்னால் முன் தகட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவில் உள்ள பேக்கிங், சம்ப்பின் (அடியில் உள்ள ஆயில் தொட்டியின்) முன் முனையில் இருக்கும் கார்க் என்று பட்டியல் நீளும். சம்ப் கார்க் கசிவைத்தான் அதிகம் பேர் கிராங்க் சீல் கசிவாக எடுத்துக்கொள்கிறார்கள். இரண்டும் சொட்டுவது ஏறக்குறைய ஒரே இடத்தில்.

பிரித்தறிய எளிய வழி இருக்கிறது. எஞ்சின் ஆறிய பிறகு முன்பக்கம் முழுவதையும் மண்ணெண்ணெய் அல்லது டீசலில் பிரஷ் போட்டுக் கழுவி, துணியால் துடைத்து, நன்றாகக் காயவிடுங்கள். பாலாற்றங்கரைப் பக்கத்து மணல் தூசி ஆயிலோடு சேர்ந்து தடித்த படலமாகப் படிந்திருக்கும். அதை உளியால் சுரண்டாமல் ஊறவைத்து எடுங்கள். காய்ந்ததும் டைமிங் கவர், முன் தகடு, சம்ப்பின் முன் ஓரம் ஆகியவற்றில் முகப் பவுடரை லேசாகத் தூவுங்கள். வண்டியை ஐந்து நிமிடம் நின்ற இடத்திலேயே ஓடவிட்டுப் பாருங்கள், பிறகு இரண்டு கிலோமீட்டர் ஓட்டிப் பாருங்கள். பவுடரில் ஈரக்கோடு எங்கே தொடங்குகிறதோ அதுதான் கசிவின் வாய். வண்டி ஓடும்போது ஃபேன் காற்று ஆயிலைப் பின்னால் தள்ளும். ஆகவே அதிகம் நனைந்த இடத்தைப் பார்க்காமல், நனைந்ததில் எது மேலே, எது முன்னால் என்று பாருங்கள்.

அறிகுறி: புல்லியைச் சுற்றி வட்டமாகத் தெறித்திருக்கிறது, ஃபேன் பெல்ட் நனைந்து வழுக்குகிறது

புல்லி சுழலும் அதே தளத்தில் ரேடியேட்டரின் பின்புறம், பக்கத் தகடு, பெல்ட் மூன்றிலும் கோடு போட்டதுபோல ஆயில் தெறித்திருந்தால், கசிவு புல்லி ஹப்பில்தான். இனி சந்தேகம் இரண்டே: சீலின் உதடு, அல்லது ஹப்பின் உள்ளே இருக்கும் சாவிக் காடி.

பிந்தையதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். கிராங்கில் அரைவட்டச் சாவி உட்காரும் காடி வழியாக ஆயில் ஹப்புக்குள்ளேயே ஊர்ந்து, முன்னால் புல்லியைப் பிடித்திருக்கும் பெரிய நட்டான ஹேண்டில் நட்டின் வாஷரடியில் வெளிவரும். அந்த ஆயில் சீலைத் தொடுவதே இல்லை. நட்டின் முகம் நனைந்து, சீல் விளிம்பு காய்ந்திருந்தால் காரணம் இதுதான். சீலை எத்தனை தடவை மாற்றினாலும் இது நிற்காது.

அறிகுறி: ஊருக்குள் ஓட்டினால் கசிவில்லை, நெடுஞ்சாலையிலோ மலையிலோ ஏறினால் கசிகிறது

சென்னை–பெங்களூர் சாலையில் ஒரே வேகத்தில் ஒரு மணி நேரம் போனாலோ, ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளை இரண்டாம் கியரில் ஏறினாலோ மட்டும் நனைகிறது என்றால், கிராங்க் கேஸுக்குள் அழுத்தம் கூடுகிறது என்று பொருள். பட்டறை மொழியில் பேக் கம்ப்ரஷன். பிஸ்டன் ரிங்கைத் தாண்டி வரும் வாயுவுக்கு வெளியேற வழி இல்லாவிட்டால், அது ஆயிலைத் தள்ளிக்கொண்டு கிடைத்த உதட்டின் வழியாக வெளியேறும்.

முன்பக்க டாப்பெட் கவரிலிருந்து கீழே இறங்கும் ப்ரீதர் குழாயைக் கழற்றி உள்ளே கம்பி விட்டுப் பாருங்கள். பழைய எஞ்சின்களில் கெட்டியான கசடு குழாயை அடைத்துக் கிடக்கும். மண்ணெண்ணெயில் ஊறவைத்துச் சுத்தம் செய்யுங்கள். ராக்கர் கவரிலிருந்து ஏர் கிளீனருக்குப் போகும் ரப்பர் குழாய் உள்பக்கம் உப்பி அடைபட்டிருக்கலாம். விரலால் அழுத்திப் பார்த்தால் தெரியாது, கழற்றி ஊதிப் பார்க்க வேண்டும்.

இவை சுத்தமாக இருந்தும் எஞ்சின் சூடான பிறகு ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் புகை விட்டு விட்டு அடிக்கிறதா? கம்ப்ரஷன் டெஸ்ட் செய்யுங்கள். ஒவ்வொரு சிலிண்டரிலும் முதலில் அப்படியே, பிறகு ஒரு தேக்கரண்டி ஆயில் விட்டு மறுபடியும். ஆயில் விட்டதும் அளவு சட்டென்று கூடினால் ரிங் தேய்ந்திருக்கிறது. அந்த எஞ்சினில் புது சீல் போடுவது தற்காலிக ஏற்பாடுதான் என்பதை வண்டிக்காரரிடம் வேலைக்கு முன்பே சொல்லிவிடுங்கள்.

டிப்ஸ்டிக்கையும் பாருங்கள். "கொஞ்சம் கூடவே இருக்கட்டும்" என்று மேல்கோட்டுக்கு மேல் ஊற்றியிருந்தால், அந்த உபரி ஆயில் கிராங்கில் அடிபட்டு நுரைத்து முன்னாலும் பின்னாலும் வெளியேறும்.

வேலைக்குத் தேவையானவை

புது ஆயில் சீல், டைமிங் கவர் பேக்கிங், நட்டின் அடியில் வரும் பூட்டு வாஷர், சிறிய டியூப் சிலிக்கான் சீலன்ட் (அனபாண்ட் எந்தக் கடையிலும் கிடைக்கும்), புது கூலன்ட். ஹேண்டில் நட்டுக்குப் பெரிய பாக்ஸ் ஸ்பேனர் வேண்டும். நட்டை வெர்னியரில் அளந்து வாங்குங்கள். பைப் ரெஞ்சு போட்டால் நட்டின் முனைகள் மழுங்கிவிடும். டார்க் ரெஞ்சு, வெர்னியர், ஃபீலர் கேஜ், புல்லர் கையில் இருக்கட்டும்.

சீல் வாங்கும்போது வண்டியின் பெயரைச் சொல்லி வாங்காமல் அளவைச் சொல்லி வாங்குங்கள். பழைய சீலின் முகத்தில் மூன்று எண்கள் இருக்கும்: ஹப்பின் விட்டம், கவர் துளையின் விட்டம், சீலின் தடிமன். எண் அழிந்திருந்தால் ஹப்பையும் துளையையும் வெர்னியரில் அளங்கள், சீலையே அளக்க வேண்டாம். வெப்பத்தில் அது சுருங்கியிருக்கும். ரப்பர் வகையும் முக்கியம். சாதாரண நைட்ரைல் ரப்பர் 100 டிகிரிக்கு மேல் தொடர்ந்து தாங்காது, கெட்டியாகி உதடு கண்ணாடி மாதிரி ஆகிவிடும். மே மாதத்தில் வெளிக்காற்றே 40 டிகிரியைத் தாண்டும் வேலூரில் விட்டான் ரப்பர் சீல் கிடைத்தால் அதையே போடுங்கள். விலை கூடுதல், ஆனால் அந்த வேறுபாடு கூலியை விடக் குறைவு.

மிகப் பழைய கவர்களில் ரப்பர் சீலுக்குப் பதில் ஃபெல்ட் வளையம் இருக்கும். அதையே தொடர்ந்து போடுவதென்றால் எஞ்சின் ஆயிலில் ஊறவைத்துப் போடுங்கள். ரப்பர் சீல் உட்காரும் பிந்தைய கவருக்கு மாறினால் ஆயில் த்ரோவரையும் (சீலுக்குப் பின்னால் கிராங்கோடு சுழன்று ஆயிலை விலக்கி எறியும் தட்டு) அந்தக் கவருக்கு ஏற்றதாக மாற்ற வேண்டும். ஒன்றை மட்டும் மாற்றினால் உரசும், அல்லது ஆயில் சீல் மேலேயே கொட்டும்.

கழற்றுவது

பேட்டரியின் எர்த் ஒயரைக் கழற்றுங்கள். கூலன்டை வடித்து ரேடியேட்டரை வெளியே எடுங்கள். எடுக்காமலும் செய்யலாம் என்பார்கள். ஆனால் கவரை மையப்படுத்தும்போது இரண்டு கையும் நேராகப் போக வேண்டும், ஃபின்களும் தப்பிக்க வேண்டும். நம் பக்கத்து உப்புத் தண்ணீரில் ஓடிய ரேடியேட்டர் என்றால் கையோடு உள்ளே தள்ளிக் கழுவிவிடலாம். டைனமோவைத் தளர்த்திப் பெல்ட்டையும் ஃபேனையும் எடுங்கள்.

ஹேண்டில் நட்டின் பூட்டு வாஷரை உளியால் நிமிர்த்துங்கள். பின்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்து, டாப் கியர் போட்டு, ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிடுங்கள். நட்டு வலச்சுற்று மரை. முன்னிருந்து பார்க்கையில் இடமாகத் திருப்பினால் தளரும். ஸ்பேனரை நிதானமாக இழுப்பதைவிட அதன் முனையில் சுத்தியால் ஓங்கி அடித்தால் சீக்கிரம் விடும். ஸ்பேனரைச் சேசிஸில் முட்டுக்கொடுத்து செல்ஃப் அடித்துத் தளர்த்தும் பழக்கம் இருக்கிறது. வேண்டாம். ஸ்பேனர் நழுவிப் பறந்தால் ஆள் தப்புவது அதிர்ஷ்டம்.

அறிகுறி: புல்லி அசையவே இல்லை

புல்லியின் வெளி விளிம்பில் நெம்பினால் அது கோணிவிடும், பிறகு பெல்ட் ஆடிக்கொண்டே ஓடும். ஹப்பில் ஆதாரம் பிடித்துப் புல்லரால் இழுங்கள். துருப் பிடித்திருந்தால் சாவிக் காடியில் டீசல் விட்டு இரவு முழுக்க ஊறவிடுங்கள். கவருக்கும் புல்லிக்கும் நடுவில் கம்பி வைத்து நெம்பாதீர்கள். டைமிங் கவர் அழுத்தி வார்த்த மெல்லிய தகடு, உடனே குழிந்துவிடும். சாவி கீழே விழாமல் எடுத்து வையுங்கள்.

கவரை எடுப்பதா, விடுவதா

கவரை எடுக்காமலே பழைய சீலின் உலோக முகத்தில் ஒரு தகட்டு ஸ்க்ரூவை ஏற்றி இழுத்து எடுக்கலாம். கவர் ஏற்கெனவே மையமாக உட்கார்ந்திருந்தால் இதுவே நல்லது. அதைத் தெரிந்துகொள்ள, சீல் இல்லாத துளைக்குள் புல்லியைத் திரும்ப ஏற்றி, ஹப்புக்கும் துளைச் சுவருக்கும் உள்ள இடைவெளியை நான்கு திசையிலும் அளந்து பாருங்கள். எதிரெதிர்ப் பக்கங்களின் வேறுபாடு அரை மில்லிமீட்டருக்குள் இருந்தால், அதாவது மைய விலகல் கால் மில்லிக்குள் என்றால், கவரைத் தொட வேண்டாம். அதைவிடக் கூடினாலோ, பேக்கிங்கும் நனைந்திருந்தாலோ, முன்பு யார் என்ன செய்தார்கள் என்று தெரியாத வண்டியென்றாலோ கவரை எடுத்துவிடுங்கள். பெரும்பாலான பழைய வண்டிகள் இந்தக் கடைசி வகைதான்.

கவர் போல்ட்டுகள் இரண்டு அளவில் இருக்கும், கால் இஞ்சும் பதினாறில் ஐந்து இஞ்சும். எது எங்கிருந்து வந்தது என்று அட்டையில் துளையிட்டுச் செருகி வையுங்கள். கவர் வந்ததும் கிராங்க் ஸ்பிராக்கெட்டுக்கு முன்னால் ஒரு தட்டு தெரியும். அதுதான் ஆயில் த்ரோவர். அது எந்தப் பக்கம் பார்த்து உட்கார்ந்திருக்கிறது என்று எடுப்பதற்கு முன் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். செயினைக் கழற்ற வேண்டிய அவசியமில்லை. கவரின் உள்முகத்தில் பளபளப்பான கோடுகள் இருந்தால் செயின் தளர்ந்து உரசியிருக்கிறது. அது தனி வேலை, ஆனால் இப்போதே செய்துவிடுவது லாபம்.

அறிகுறி: ஹப்பில் நகம் இடறும் பள்ளம்

சீல் உதடு ஓடிய இடத்தில் ஹப்பைச் சுற்றி ஒரு கோடு இருக்கும். விரல் நகத்தைக் குறுக்கே இழுங்கள். இடறாவிட்டால் மெருகேற்றினால் போதும். இடறினால் புது சீல் நிற்காது. ரப்பர் தேய்வதற்கு முன் இரும்பு தேய்ந்துவிடுகிறது. உதட்டில் சிக்கிய மணல் துகள்கள்தான் அரைக்கின்றன.

வழிகள் மூன்று. பள்ளம் மெல்லியதென்றால் சீலை ஒன்று, ஒன்றரை மில்லி முன்னேயோ பின்னேயோ உட்கார வைத்து உதட்டைத் தேயாத இடத்துக்கு மாற்றலாம். த்ரோவரில் சீல் முட்டாத அளவுக்கு மட்டும். இரண்டாவது, கால் மில்லி அளவே தடிமன் உள்ள ரெடிமேட் ஸ்லீவை ஹப்பின் மேல் ஏற்றுவது. மூன்றாவது, லேத்துப் பட்டறையில் ஹப்பைக் கடைந்து ஸ்டீல் புஷ் இறுக்கி ஏற்றி, பழைய விட்டத்துக்குக் கொண்டுவருவது. ராணிப்பேட்டை சிப்காட் பகுதியில் இந்த வேலைக்கு லேத்துக்காரர்கள் கிடைப்பார்கள்.

லேத்தில் கொடுக்கும்போது ஒன்றை அழுத்திச் சொல்லுங்கள்: கடைசி மெருகு கிரைண்டிங்காக இருக்க வேண்டும், கல் பக்கவாட்டில் நகரக்கூடாது. டூல் ஓடிய தடம் கண்ணுக்குத் தெரியாத மரையாக ஹப்பில் நிற்கும். கிராங்க் சுழலும்போது அந்த மரை ஆயிலை வெளியே இறைத்துக்கொண்டே இருக்கும். சீல் புதிது, ஹப் பளபளப்பு, ஆனாலும் ஒழுகுகிறது என்று தலையைப் பிய்த்துக்கொள்ளும் வேலைகளில் பலவற்றின் காரணம் இதுதான். கையால் எமரி போடும்போதும் அதே விதி. பட்டையைச் சுற்றிலும் நேராக இழுங்கள், முன்னும் பின்னும் நகர்த்தாதீர்கள்.

சீலை அடிப்பது

கவரைச் சமமான மரக்கட்டையில் கவிழ்த்து, துளையைச் சுற்றி அடியில் தாங்கு கொடுத்துப் பழைய சீலைத் தட்டி எடுங்கள். துளையைச் சுத்தம் செய்து, ஓரங்கள் தட்டையாக இருக்கின்றனவா என்று கண்ணாடித் தகட்டில் வைத்துப் பாருங்கள். போல்ட் துளைகளைச் சுற்றித் தகடு மேடாகியிருந்தால் பின்பக்கம் தாங்கு வைத்துச் சுத்தியால் மெதுவாகத் தட்டிச் சமப்படுத்துங்கள். இதைச் செய்யாமல் பேக்கிங் மேல் பேக்கிங் வைப்பதில் பயனில்லை.

சீலில் ஸ்பிரிங் தெரியும் முகம் எஞ்சின் பக்கம். வெளிமுகத்தில் தூசி தடுக்கும் சிறு உதடு இருந்தால் அது காற்றுப் பக்கம். திருப்பிப் போட்டால் முதல் நாளே ஒழுகும். சீலின் வெளி விளிம்புக்குச் சமமான குழாய்த் துண்டையோ பழைய பேரிங் ரேஸையோ வைத்துச் சீராகத் தட்டுங்கள். ஒரு பக்கம் மட்டும் அடித்தால் கோணலாக இறங்கும். உலோக வெளிவட்டம் உள்ள சீலென்றால் அதன் வெளிப்புறம் சீலன்ட் மெல்லியதாகத் தடவலாம். உதட்டில் சீலன்ட் படவே கூடாது. உதட்டுக்கு எஞ்சின் ஆயில் அல்லது கொஞ்சம் கிரீஸ். காய்ந்த உதடு முதல் சில நொடிகளிலேயே கருகிவிடும்.

கவரை மையப்படுத்துவது

வேலையின் உயிர்நாடி இந்தக் கட்டம். கவரை இடத்தில் நிறுத்த இந்த எஞ்சினில் டவல் பின் (இடத்தைக் குறித்து நிறுத்தும் சிறு முளை) கிடையாது. போல்ட் துளைகள் போல்ட்டைவிடச் சற்றுப் பெரியவை. ஆகவே கவரை வைத்துப் போல்ட்டை இறுக்கிவிட்டு, பிறகு புல்லியை உள்ளே தள்ளினால், சீல் ஒரு பக்கம் நசுங்கி, மறுபக்கம் தளர்ந்து நிற்கும். நசுங்கிய பக்கம் தேயும், தளர்ந்த பக்கம் கசியும்.

சரியான முறை இது. த்ரோவரை அதன் இடத்தில் வையுங்கள். தட்டில் எஃப் என்ற எழுத்து இருந்தால் அது வெளிப்பக்கம் பார்க்க வேண்டும். எழுத்து இல்லாத பழைய வகையில் குழிந்த பக்கம் வெளியே. சாவியை உட்கார வையுங்கள். கவரைப் பேக்கிங்கோடு வைத்து, போல்ட்டுகளை விரலால் மட்டும் ஏற்றுங்கள், கவர் நகர வேண்டும். ஹப்புக்கு ஆயில் தடவி, புல்லியைச் சீல் வழியாக மெதுவாகச் சுழற்றிக்கொண்டே உள்ளே தள்ளி, கிராங்க் சாவியில் பொருத்துங்கள். இப்போது கவரை இடதும் வலதும் கொஞ்சம் ஆட்டுங்கள். சீலின் உதடே கவரை ஹப்பின் மையத்துக்கு இழுத்துக்கொள்ளும். அந்த நிலையிலேயே போல்ட்டுகளைக் குறுக்குக் குறுக்காக இறுக்குங்கள். சிறியவற்றுக்கு 6 அடி-பவுண்டு, பெரியவற்றுக்கு 14 அடி-பவுண்டு போதும். கூடுதலாக இறுக்கினால் தகடு மறுபடி மேடாகும்.

பிறகு சாவிக் காடியின் முன்முனையிலும் வாஷரின் பின்முகத்திலும் சிலிக்கான் சீலன்டைச் சிறிது தடவி, நட்டை ஏற்றி 70 அடி-பவுண்டுக்கு, அதாவது சுமார் 95 நியூட்டன் மீட்டருக்கு இறுக்குங்கள். பூட்டு வாஷரை மடியுங்கள். பெல்ட்டின் நீண்ட பகுதியை விரலால் அழுத்தினால் அரை இஞ்சு இறங்கட்டும். ஃபேனையும் ரேடியேட்டரையும் மாட்டி, சீலன்ட் காய ஓர் இரவு விட்டுவிட்டு, புது கூலன்ட் ஊற்றி, பேட்டரியின் எர்த் ஒயரைச் சேர்த்து, டிப்ஸ்டிக் மேல்கோடு வரை ஆயில் சரிபார்த்து ஸ்டார்ட் செய்யுங்கள்.

அறிகுறி: மாற்றிய பிறகும் கசிகிறது

முதல் நாளே கசிந்தால் சீல் திரும்பியிருக்கிறது, அல்லது புல்லியைத் தள்ளும்போது உதடு மடிந்து ஸ்பிரிங் கழன்றிருக்கிறது. சில நூறு கிலோமீட்டர் கழித்து, ஒரு பக்கம் மட்டும் நனையத் தொடங்கினால் கவர் மையத்தில் இல்லை. சுற்றிலும் சீராக நனைந்தால் ஹப்பின் மெருகையோ கிராங்க் கேஸ் அழுத்தத்தையோ பாருங்கள். இவை எல்லாம் சரி என்றால், புல்லியை இரண்டு கையாலும் மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். கைக்கே ஆட்டம் தெரிந்தால் முன் மெயின் பேரிங் தேய்ந்திருக்கிறது. கிராங்க் ஆடும் வேகத்துக்கு எந்த உதடும் பின்தொடராது, எஞ்சினை இறக்கித்தான் ஆக வேண்டும்.

கசிவு நின்றுவிட்டது, ஆனால் முன்பக்கம் தகரம் உரசும் சத்தம் சுழற்சிக்கு ஒருமுறை கேட்கிறது என்றால், உடனே எஞ்சினை நிறுத்துங்கள். த்ரோவர் திரும்பி உட்கார்ந்தோ, கவருக்குப் பொருந்தாத வகையாக இருந்தோ உள்முகத்தைச் சீவுகிறது. சீவிய இரும்புத்தூள் நேராகச் சம்ப்புக்குப் போகும். கவரை மறுபடி எடுத்து, த்ரோவரைச் சரிசெய்து, ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றிய பிறகே வண்டியை எடுங்கள்.